அண்ணனுக்கு நேர் ஹேண்டில்பார்

அண்ணி அவளைத் தேடிக்கொண்டு வேலை செய்யும் இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கல்யாணமாகி இந்தக் குடும்பத்துக்குள் வந்து பதினான்கு வருஷமாகியும் அண்ணிக்கு அந்த மாடிப்படி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அன்றைக்குப் புதன்கிழமை மத்தியானம், கீழே மருந்துக் கடையில் வழி கேட்டுக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்து கதவோரம் நின்றாள்.

நாத்தனாரான அவளுக்குப் பல் செய்யும் தொழில். டாக்டர் இல்லை, டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு பொய்ப்பல் செய்து கொடுப்பவள். மேஜை நெடுக பிளாஸ்டர் தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். அண்ணி அவற்றைப் பார்க்காமலிருக்க எவ்வளவோ முயன்றாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருத்தர் பல்லைக் காட்டிக்கொண்டிருந்ததால், கடைசியில் மடியில் இருந்த தன் கைப்பையைப் பார்த்தே பேசினாள்.

சொல்ல வந்த விஷயம் அண்ணனுடைய சைக்கிள். அதில் இருக்கிற வளைந்த ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு நேர் ஹேண்டில்பார் மாட்டவேண்டும். டாக்டர் சொல்லிவிட்டாராம், அந்தக் கழுத்தை வைத்துக்கொண்டு இனி ஜென்மத்துக்கும் குனிந்து ஓட்டக்கூடாது என்று. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவதானால் ஓட்டலாமாம்.

“கடையில குடுத்தா ஏதாவது ஏடாகூடமாப் பண்ணி வெச்சிடுவாங்க. உன் கை பட்டாத்தான் அவருக்கு நம்பிக்கை,” என்றாள் அண்ணி. “ஆனா இப்ப அவர்கிட்ட சொல்லிக்காத. சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு. ரெடி பண்ணிக் கொண்டாந்து நிறுத்திட்டா ஏறி உக்காந்துடுவாரு. அவரப் பத்தி உனக்குத் தெரியாததா?”

தெரியும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

அண்ணனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் இரும்புக் கயிற்றோடும் கிரீஸோடும் மல்லுக்கு நிற்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது வெளிச்சமும் காற்றும் வேண்டியிருந்தது. அதற்காக வாங்கியதுதான் அந்த கிராவல் சைக்கிள். பார்க்கப் பந்தய சைக்கிள் மாதிரி இருக்கும். ஆட்டுக்கடாக் கொம்பு போல முன்னால் வந்து கீழே வளையும் கைப்பிடி. ஆனால் டயர் மட்டும் தடிமன், சரளையிலும் மண்ணிலும் போகிற டயர். அவன் வாங்கிய மறு வருஷம் அவளும் ஒன்று வாங்கினாள். அதிலிருந்து பதினோரு வருஷம், மழை பெய்தால் ஒழிய, ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனும் தங்கையும் ஊருக்கு வெளியே இருப்பார்கள்.

கூடப் போனாள் என்று பேர்தானே தவிர, அவள் போனது அவன் பின்னால். அவன் மேட்டில் நிற்காமல் ஏறுவான், பள்ளத்தில் கையை வளைவின் அடிப்பிடிக்குக் கொண்டுபோய் மார்பை ஹேண்டில்பாரோடு ஒட்டிக்கொண்டு கல்லு மாதிரி இறங்குவான். அவள் பயந்தாங்கொள்ளி. இறக்கம் என்றாலே இரண்டு கையும் பிரேக்கில் இருக்கும். பிரேக் வட்டு கிரீச்சிடுகிற சத்தம் கீழே காத்திருக்கும் அண்ணனுக்குக் கேட்கும். “பிரேக்கு வருது” என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் பாட்டிலை நீட்டுவான். அந்தப் பெயரே நிலைத்துப்போய், அவனுடைய போனில்கூட அவள் ‘பிரேக்கு’ தான். ஆக, அந்தப் பதினோரு வருஷத்தில் ஊர் சுற்றினாள், காடு மேடு பார்த்தாள் என்று சொல்வதெல்லாம் ஒரு கணக்கில் பொய். அவள் பார்த்தது அண்ணனின் முதுகை.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது மாறியது. வாய்க்கால் கரைப் பாதை, இலேசான இறக்கம். “இன்னிக்கு நீ முன்னால போ, நான் ஒட்டிக்கிட்டே வரேன், பயப்படாத,” என்றான். அவளும் போனாள். அன்றைக்கு என்னவோ கை பிரேக்குக்குப் போகவில்லை. காற்று காதில் விசிறியது. பின்னால் அவனுடைய டயர் சரளையை அரைக்கிற சத்தம் ஒரு முழ தூரத்தில் கேட்டது. அப்போது பாதையில் கறுப்பாக ஒன்று தெரிந்தது. குழி என்று நினைத்து இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தாள்.

அது குழி இல்லை. யாரோ தண்ணீர் கொட்டிய ஈரம்.

அண்ணன் அவள்மேல் மோதாமலிருக்கச் சைக்கிளை ஒதுக்கினான்; முன்சக்கரம் சரளையில் வழுக்கி, ஆள் ஹேண்டில்பாருக்கு மேலாகப் பறந்து தலைகுப்புற விழுந்தான். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்தது. கழுத்தெலும்பில் விரிசல். பதினாலு வாரம் தாடையிலிருந்து தோள்வரை பட்டை போட்டுக்கொண்டு மரப்பொம்மை மாதிரி கிடந்தான்.

ஆஸ்பத்திரியில் கேட்டவர்களுக்கெல்லாம் அவன் சொன்ன பதில் ஒன்றுதான்: “சரளையில சறுக்கிட்டேன். என் தப்பு.” அண்ணியிடமும் அதையேதான் சொன்னான். அவளைத் தனியே பார்த்தபோதும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ‘பிரேக்கு’ என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். அவன் திட்டியிருந்தால் ஒரு நாள் அழுது தீர்த்திருப்பாள். திட்டாததால் அது நெஞ்சுக்குள் மீன்முள் மாதிரி சிக்கிக்கொண்டு, மேலேயும் வராமல் கீழேயும் இறங்காமல் இருந்தது.

சைக்கிள் அன்றைக்கு வாடகை வண்டியில் அவள் வீட்டுக்கு வந்ததுதான், அங்கேயே பால்கனியில் துணிக்கொடிக்குக் கீழே நின்றது. அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவள் எண்ணியிருந்தாள். எனவே அண்ணி வந்து கேட்டபோது, கடவுளே பார்த்து ஒரு வழி காட்டினதாகத் தோன்றியது. அவன் கழுத்துக்கு அவளால் செய்ய முடிந்தது எதுவுமில்லை, சைக்கிளுக்குச் செய்யலாம்.

மறுநாள் வேலை முடிந்து சைக்கிள் கடைக்குப் போனாள். கடைக்காரர் வாய் ஓயாத மனிதர். ஒரு நட்டு கேட்டால் நட்டின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார். அன்றைக்கும் விஸ்தாரமாக ஆரம்பித்தார். ஹேண்டில்பாரை மட்டும் மாற்றினால் ஆகாது. வளைந்ததில் பிரேக்கும் கியரும் ஒரே லீவரில் இருக்கும், அந்த லீவர் நேர் ஹேண்டில்பாரில் ஏறாது, குழாயின் தடிமன் வேறு. புதிதாக பிரேக் லீவர் தனி, கியர் லீவர் தனி வாங்க வேண்டும். அதிலும் கண்ட பிரேக் லீவரைப் போட்டுவிடக் கூடாது. ஒவ்வொன்றும் கேபிளை இழுக்கிற அளவு வேறு. இந்த வட்டு பிரேக்குக்குக் கொஞ்சமாக இழுக்கிற லீவர்தான் பொருந்தும். பொருந்தாததைப் போட்டால் பிரேக் பிடிக்கும், எப்போது பிடிக்கும் என்று மட்டும் சொல்ல முடியாது. கியர் லீவரும் பின்னால் இருக்கிற செட்டுக்கு ஜோடி சேரவேண்டும். பழைய கேபிளெல்லாம் போச்சு, புதுசுதான்.

எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, “இந்த ஃபிரேமே வளைஞ்ச ஹேண்டிலுக்குன்னு அளவெடுத்துப் பண்ணது. நேரா மாத்தினா கை ரொம்பக் கிட்ட வந்துடும், ஹேண்டிலத் தாங்குற ஸ்டெம் நீளமாப் போடணும்,” என்றார். வேண்டாம், கிட்ட வந்தால்தான் நல்லது, ஓட்டுகிறவர் நிமிர்ந்து உட்காரணும் என்று அவள் சொன்னாள்.

“அப்ப இது வேற சைக்கிளும்மா.” கடைக்காரர் அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். “உங்க அண்ணனுக்குத் தெரியுமில்ல?”

“தெரியும்,” என்றாள். அந்தப் பொய் நாக்கில் தட்டாமல் கொள்ளாமல் வழுக்கிக்கொண்டு வந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

சனிக்கிழமை மத்தியானம் பால்கனியில் பழைய பெட்ஷீட்டை விரித்து உட்கார்ந்தாள். முதலில் ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த பட்டையை அவிழ்க்கவேண்டும். கறுப்புப் பட்டை, வலது பக்கம் அண்ணனின் உள்ளங்கை உட்காரும் இடத்தில் தேய்ந்து பளபளத்தது. வியர்வை உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. நுனியைப் பிடித்து இழுத்ததும் சரசரவென்று சுற்றுச் சுற்றாகக் கழன்று வந்தது. அடியில் குழாய் புத்தம் புதிதாக இருந்தது.

அப்போது அவளுக்குள் என்னமோ குளிர்ந்தது. இதம் என்று சொல்வதா, என்ன சொல்வது? இனிமேல் இறக்கத்தில் அண்ணன் மார்பைத் தாழ்த்திக்கொண்டு பறக்க மாட்டான். நிமிர்ந்து உட்கார்ந்து, காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு, நிதானமாக வருவான். பக்கத்தில் வருவான். பேசிக்கொண்டே போகலாம். கீழே காத்திருக்கிறவர் யாரும் இருக்க மாட்டார்கள். இப்படியெல்லாம் யோசித்தபடி பட்டையைச் சுருட்டிக் கீழே வைத்தாள். யோசனையில் தப்பு ஏதும் இருப்பதாக அந்த நிமிஷம் படவில்லை. தங்கை அண்ணனுக்கு நல்லது நினைக்கிறாள், அவ்வளவுதான்.

லீவர்களைக் கழற்றினாள். கேபிள்களை உருவினாள். வளைந்த ஹேண்டில்பாரை ஸ்டெம்மிலிருந்து விடுவித்து ஓரமாக வைத்தாள். புது ஹேண்டில்பார் அண்ணனின் தோளுக்கு அகலம் அதிகம். இரண்டு பக்கமும் இரண்டு இரண்டு சென்டிமீட்டர் அறுத்து, அறுத்த விளிம்பைப் பல்லுக்கு மெருகேற்றுகிற ரப்பர் சக்கரத்தால் வழவழவென்று தேய்த்தாள். பிரேக் கட்டை வட்டில் உரசுகிறதா என்று பார்க்க, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்கிற நீலத்தாளைத் துண்டு போட்டு வட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் செருகிச் சுற்றிப் பார்த்தாள். ஒரு கீறல் விழவில்லை. கடைக்காரரே வந்து பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு சனி, ஒரு ஞாயிறு பிடித்தது. நடுவில் ஒரு நாள் அண்ணி வந்து பார்த்துவிட்டு, கழற்றிய ஹேண்டில்பாரையும் லீவர்களையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். பழசாக இருந்தாலும் அவருக்கு ஞாபகத்துக்கு வேணும், நான் பத்திரமா வெச்சிருக்கேன் என்றாள். அண்ணிக்கு இவ்வளவு பாசமா என்று அவள் நெகிழ்ந்துகூடப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணன் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டிடத்துக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். வழியில் ஓட்டவில்லை, முதலில் அவன்தான் ஏறவேண்டும் என்று ஒரு எண்ணம். நான்காவது மாடி. லிஃப்டில் சைக்கிளை நிமிர்த்திப் பின்சக்கரத்தில் நிற்கவைத்து ஏற்றினாள்.

கதவைத் திறந்தது அண்ணன். தோள்வரை போட்ட பட்டையை எடுத்து எட்டு வாரமாகியும் கழுத்து இன்னும் முழுசாகத் திரும்பாது; எதைப் பார்ப்பதானாலும் உடம்போடு திரும்புவான். சைக்கிளின் பின்சக்கரத்தைத்தான் முதலில் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. “நானே இந்த வாரம் கேக்கலாம்னு இருந்தேன். எப்படி உனக்குத் தோணுச்சு?” என்றான். சீட்டைத் தட்டிக் கொடுத்தான். அப்படியே குழாயில் கையை ஓட்டிக்கொண்டு முன்னால் வந்தவன், இரண்டு கையையும் எப்போதும் பிடிக்கிற இடத்துக்குக் கொண்டு போனான். அங்கே ஒன்றும் இல்லை. கை காற்றைப் பிடித்தது.

உடம்பைத் திருப்பி, மெதுவாக, ஹேண்டில்பாரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தான்.

“யாரு பண்ணது?”

“நான்தான்.”

“எதுக்கு?”

அவள் சமையலறை வாசலைப் பார்த்தாள். அண்ணி அங்கே நின்று ஒரு டம்ளரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். டம்ளர் காய்ந்துதான் இருந்தது.

“உன் கழுத்துக்குத்தான். இனிமே குனிஞ்சு ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாராமே.”

“எந்த டாக்டர்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனான். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தான். உடற்பயிற்சி சிகிச்சைக்காரர் கட்டம் போட்டு எழுதிக் கொடுத்த அட்டவணை. ஆறு மாதம் முடிந்ததும் வளைந்த கைப்பிடியின் மேல்பிடியில் பத்து நிமிஷம். பிறகு வாரத்துக்குப் பத்து நிமிஷம் கூட்டலாம். ஒன்பதாம் மாதத்திலிருந்து அடிப்பிடி. கீழே நோயாளி கையெழுத்து, உடன் வந்தவர் கையெழுத்து. உடன் வந்தவர் கையெழுத்து அண்ணியுடையது. கட்டங்களில் நாள் தவறாமல் பேனாவால் குறுக்குக் கோடு போட்டிருந்தது. இன்னும் நான்கு வாரம்தான் பாக்கி.

சாப்பாட்டு மேஜையின் விளிம்பில் இரண்டு தண்ணீர் பாட்டில்களைப் படுக்கவைத்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். எதிரே முதுகில்லாத ஸ்டூல். தினமும் காலையில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, குனிந்து, அந்த பாட்டில்களைப் பிடித்துக்கொண்டு கழுத்தைப் பழக்கியிருக்கிறான். தினமும் அண்ணி பக்கத்தில்தான் காபி வைத்திருப்பாள்.

பரவாயில்லை, ஒரு மத்தியானம் போதும், பழையபடி மாற்றிவிடுகிறேன், கேபிள் மட்டும்தான் புதுசு வேணும் என்று அவள் அவசர அவசரமாகச் சொன்னாள். பழைய பார்ட்டெல்லாம் அண்ணியிடம் பத்திரமாக இருக்கிறது என்றாள்.

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தாள். “அந்தப் பையா? வியாழக்கிழமை பழைய இரும்புக்காரன் வந்தப்ப மத்ததோட சேத்துப் போட்டுட்டேனே. வேணாம்னுதானே குடுத்தேன்னு நினைச்சேன்.”

அவள் அண்ணியையே பார்த்தாள். இப்போது சொல்வாள், நான்தான் கேட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தாள். அண்ணி சொன்னது வேறு. கணவனின் தோளைத் தொட்டு, குரலைத் தணித்துக்கொண்டு, “ஏதோ நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சிருப்பா. சின்னவதானே, விடுங்க,” என்றாள்.

அண்ணன் மனைவி பக்கம் திரும்பவே இல்லை. திரும்புவதானால் அவன் உடம்பையே திருப்ப வேண்டும். அதற்கு அவனுக்குத் தெம்பில்லை போலிருந்தது. தங்கையைத்தான் பார்த்தான்.

“அன்னிக்கு நீ பிரேக் புடிச்சப்ப நான் ஒரு வார்த்தை சொல்லல,” என்றான். குரலை உயர்த்தவில்லை. “உன்கிட்டயும் சொல்லல, யார்கிட்டயும் சொல்லல. அது தெரியாம நடந்தது. இது அப்படி இல்ல. இது நீ உக்காந்து, யோசிச்சு, அளவெடுத்துப் புடிச்ச பிரேக்.”

அண்ணியின் கண் ஒரு கணம் அவள்மேல் வந்து நின்றது. வாய்க்கால் கரையில் நடந்தது அண்ணிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“பதினோரு வருஷம் என் பின்னாடி வந்தது உனக்கு அவ்வளவு கசந்துச்சா?”

அவள் வாயைத் திறந்தாள். அண்ணிதான் கேட்டாள், மறைக்கச் சொன்னதும் அண்ணிதான் என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? ஐந்து வார்த்தை. அந்த ஐந்தும் தொண்டை வரைக்கும் வந்துவிட்டன. ஆனால் கூடவே அந்தப் பட்டையை அவிழ்த்த மத்தியானமும் வந்தது. உள்ளே குளிர்ந்தது ஞாபகம் வந்தது. கடைக்காரர் கேட்டபோது ‘தெரியும்’ என்று சொன்ன நாக்கு ஞாபகம் வந்தது. அண்ணி சொன்னதை ஒரு போன் போட்டு அண்ணனிடம் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவான் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அவன் கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்ல அவளால் முடியவில்லை. முடியாததால் மற்றதையும் சேர்த்து மென்று முழுங்கினாள்.

அவன் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அறைந்து சாத்தவில்லை, சாதாரணமாகத்தான் சாத்தினான்.

சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு அவள் கிளம்பியபோது, வழியனுப்புகிற சாக்கில் அண்ணி லிஃப்டுக்குள் கூடவே வந்தாள். நான்கு மாடி இறங்க எத்தனை நேரம் ஆகும்? அதற்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்பது போல அண்ணி கதவு மூடியதுமே ஆரம்பித்தாள். அழவில்லை. தாழ்ந்த குரலில், கணக்கு ஒப்பிக்கிற மாதிரிப் பேசினாள்.

“பதினாலு வாரம் குளிப்பாட்டி, துடைச்சு, ஊட்டி விட்டது நான். அந்தத் தாளப் பாத்துப் பாத்து ஒவ்வொரு நாளும் கோடு போடுவாரு. மறுபடியும் விழறதுக்கு நாள் எண்றாரு, அத நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும்.”

“என்கிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாமே அண்ணி. இப்பவாவது அவன்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

“நான் சொன்னா என்னை மன்னிக்க மாட்டாரு. தினமும் அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு நான் இருக்கணும். நீ கூடப் பொறந்தவ. உன்ன மன்னிச்சிடுவாரு.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “அன்னிக்கு அவர் விழுந்தது உன்னாலன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, உன்கிட்ட வந்து கேட்டிருக்கவே மாட்டேன். வேற ஆளப் பாத்திருப்பேன்,” என்றாள்.

கீழ்த்தளம் வந்தது. அவள் இறங்கினாள். அண்ணி இறங்கவில்லை, நான்காவது மாடிப் பொத்தானை அமுக்கினாள்.

அதற்குப் பிறகு அவள் போன் போட்டபோதெல்லாம் அண்ணி எடுத்தாள், அவர் தூங்குகிறார் என்றாள், குளிக்கிறார் என்றாள், வேலைக்குப் போய்விட்டார் என்றாள். செய்தி அனுப்பினால் அண்ணனிடமிருந்து ‘சரி’ என்று ஒரு பதில் வரும். என்ன எழுதினாலும் ‘சரி’தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தனியாகப் போய்ப் பார்த்தாள். முன்னால் முதுகு இல்லாமல் பாதை எங்கே திரும்புகிறது என்றே பிடிபடவில்லை. இரண்டு ஞாயிறு போனாள், மூன்றாவது ஞாயிறு துணி துவைத்தாள்.

கடைக்காரரிடம் மறுபடியும் போய், அதே மாதிரி வளைந்த ஹேண்டில்பாரும் அதே லீவர்களும் வேண்டும் என்று சொல்லி வைத்தாள். அந்த லீவர் இப்போது வருவதில்லையாம். எங்கெங்கோ விசாரித்து, நான்கு மாதம் கழித்து ஒரு ஜோடி வரவழைத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது தன் பங்குக்கு ஒரு செய்தியும் சொன்னார்: உங்க அண்ணனைத் தினமும் பார்க்கிறேன், அந்தச் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறார், முன்னால் கூடை மாட்டியிருக்கிறார், காய்கறி வாங்கிக்கொண்டு போகிறார். கழுத்து பூரணமாகக் குணமாகிவிட்டதாம், என்ன வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். எதுக்கு வம்பு, இதுவே போதும் என்கிறாராம். கூடை அண்ணி வாங்கிக் கொடுத்தது.

பார்சலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் அன்றைக்கே போனாள். சாயங்கால நேரம், அண்ணன் வேலையிலிருந்து வந்திருப்பான் என்று தெரிந்தே போனாள். மணி அடித்ததும் அவனே வந்து திறந்தான். கழுத்து நன்றாகத் திரும்பியது. முகத்தில் கோபம் இல்லை. அந்தக் கோபத்தைத்தான் வழி முழுக்க எதிர்பார்த்து, அதற்கு என்ன பதில் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

“வாங்க,” என்றான். “உக்காருங்க.”

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள், கூட வேறு யாராவது வந்து நிற்கிறார்களோ என்று. நடையில் யாரும் இல்லை. பிறந்ததிலிருந்து ‘வா’, ‘போ’, கோபம் வந்தால் ‘போடி’ என்பதைத் தவிர அந்த வாயிலிருந்து அவளுக்கு வேறொன்று வந்ததில்லை.

உட்கார்ந்தாள். அண்ணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, நன்றாக இருக்கிறாயா என்று விசாரித்துவிட்டுப் போனாள். அண்ணன் எதிரே உட்கார்ந்து, வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டான். இப்போதெல்லாம் பல்லை மெஷினிலேயே செய்கிறார்களாமே என்று கேட்டான். முன்பின் தெரியாத வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் எப்படிப் பேசுவானோ அப்படி, ஒரு குறையும் வைக்காமல் பேசினான். அவள் பார்சலை மேஜைமேல் வைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னாள். எப்போது சொன்னாலும் வந்து மாட்டித் தருகிறேன் என்றாள்.

அவன் பார்சலைப் பிரிக்கவில்லை. நகர்த்தி அவள் பக்கமாக வைத்தான்.

“எனக்கு எதுக்குங்க இதெல்லாம்? போகும்போது மறக்காம எடுத்துட்டுப் போங்க.”

“சரிங்க,” என்றாள் அவளும். வாயில் அதுதான் வந்தது.